பெயர் பெறாத மழை

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பொருநைக் கரையில் இளவேனிலின் அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். வேம்பு பூத்து, அதன் சிறு வெண்பூக்கள் முற்றமெங்கும் உதிர்ந்து கிடக்கும். பனையிலிருந்து பதநீர் இறங்கும். உடன்குடிப் பக்கம் போனால் கருப்பட்டி காய்ச்சும் மணம் வழியெல்லாம் கூடவே வரும். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திகள் வெயிலில் வெண்மை கொள்ளும். குளங்களில் நீர் குறைந்து, கரையின் உட்புறமும் அடிமண்ணும் கண்ணுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் காணுந்தோறும் 2023 ஆம் ஆண்டின் மார்கழியை எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இளவேனிற் காலத்தில் பனிக்கால மழையைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். வெள்ளத்தின்போது வெள்ளத்தைப் பற்றி ஆராய ஒருவருக்கும் பொழுதில்லை. வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, மனமும் சற்றே தெளிந்த பின்னரே அது எவ்வாறு வந்தது, ஏன் வந்தது என்று ஆற அமர நோக்க இயலும். அதற்கு ஏற்ற பருவம் இதுவே.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பதைப் பள்ளியிலே நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இந்தப் பகுப்பை மாணவர்க்குப் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். நம் வடகிழக்குப் பருவமழையின் உச்சம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதாவது கூதிர்ப் பருவத்தில் அமையும். மார்கழி வந்தால் மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும். தென்கோடி மாவட்டங்களில் மார்கழியிலும் மழை பெய்வதுண்டு; அது புதிதன்று. ஆனால் 2023 இல் பெய்த மழையின் அளவு எங்கள் பக்கத்து முதியோர் எவரும் கண்டும் கேட்டும் அறியாதது.

அவ்வாண்டு டிசம்பர் 17 ஆம் நாள் மார்கழி பிறந்தது. பழைய கணக்கின்படி முன்பனியின் முதல் நாள் அது. அன்று பகலும் இரவும், மறுநாளும், தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இடைவிடாமல் மழை கொட்டியது. டிசம்பர் 18 ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 62, மலைமேல் மாஞ்சோலையில் 55, கரிசல் நிலத்துக் கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டர்.

காலை எட்டரை மணி என்பது என்ன கணக்கு என்று சிலர் ஐயுறலாம். இந்திய வானிலைத் துறையில் மழைநாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு மழைமானியில் சேர்ந்துள்ள நீரை அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழை என்று அதனைக் குறிப்பர். ஆகவே 18 ஆம் தேதிக் கணக்கில் காணும் மழையின் பெரும்பகுதி 17 ஆம் தேதி பெய்ததே.

மழையைச் சென்டிமீட்டரில் சொன்னால் அது வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. அதனை நம் வீட்டளவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீர். காயல்பட்டினத்தில் பெய்தது 946 மில்லிமீட்டர். எனவே, பாய் விரித்தாற்போன்ற ஒரு சதுர மீட்டர் இடத்தில் 946 லிட்டர் விழுந்திருக்கிறது. ஐந்து சென்ட் மனையொன்றில் ஏறத்தாழ 1,91,000 லிட்டர். கோடையில் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரிகள் 16 ஒரே நாளில் வந்து ஒரே மனையில் நீரைக் கவிழ்த்துச் சென்றன என்று கொள்ளுங்கள். அடுத்த மனையிலும் 16, அதற்கடுத்த மனையிலும் 16. ஊர் முழுவதும் அவ்வாறே. இந்த நீர் எங்கே போகும்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்னோர் ஒப்பீடும் உண்டு. தமிழ்நாட்டில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையின் சராசரி 90 சென்டிமீட்டரை ஒட்டியது. தூத்துக்குடி மாவட்டமோ மழை குறைந்த மாவட்டம். அங்கே ஆண்டுச் சராசரி அதனினும் மிகக் குறைவு. வெயிலும் வறட்சியும் மிகுந்தமையால்தான் அங்கே உப்புத் தொழில் செழித்தது. அத்தகைய நிலத்தில் ஓராண்டு மழையினும் மிகுதியான மழை ஒரே நாளில் இறங்கிற்று.

இனி, இது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். அம்மாதத் தொடக்கத்தில், டிசம்பர் 3, 4 ஆம் நாள்களில், மிக்ஜாம் என்னும் புயல் சென்னையை ஒட்டிச் சென்று அந்நகரை வெள்ளக்காடாக்கிய பின், 5 ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அப்புயலை நாடே அறிந்திருந்தது. அதன் பெயரும், செல்லும் திசையும், நெருங்கும் தொலைவும் மணிக்கொரு முறை அறிவிக்கப்பட்டன. எங்கள் தென்மாவட்டங்களில் இரு வாரங்களுக்குப் பின் பெய்த பெருமழைக்கோ பெயர் இல்லை. அது புயலன்று, புயலுக்கு முந்தைய படியாகிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் அன்று. குமரிக்கடலின் மேலும் அதனை அடுத்த இலங்கைப் பகுதியின் மேலும் நிலவிய ஒரு மேலடுக்குச் சுழற்சியே அத்தனைக்கும் காரணம்.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தோன்றும் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004 ஆம் ஆண்டில் தொடங்கியது. கரையோர நாடுகள் தரும் பெயர்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன. ஆனால் சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினாலன்றிப் பெயர் வழங்கப்படுவதில்லை. பெயர் பெறுவதற்கு அளவுகோல் காற்றே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எவ்வளவு மழை பெய்யும் என்பது அந்த அளவுகோலில் இல்லை. காற்று மெல்லியதாயினும் மழை பெரிதாகலாம். காற்று கடியதாயினும் மழை சிறிதாகலாம். விரைந்து செல்லும் புயல் ஓரிடத்தில் சில மணி நேரமே மழை பெய்துவிட்டு அப்பால் சென்றுவிடும். நகராமல் நிற்கும் சுழற்சியோ அதே நிலத்தின்மேல் நாள் முழுதும் நீரை இறைத்துக்கொண்டேயிருக்கும்.

அவ்வாறுதான் அன்று நேர்ந்தது. நம் நிலவுலகின் வடபாதியில் தாழ்வழுத்தச் சுழற்சியைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். குமரிக்கடலில் சுழற்சி நின்றால் அதன் வடபுறத்தே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் காற்று வீசும். அந்தக் காற்று வங்கக் கடலின் மீதும் மன்னார் வளைகுடாவின் மீதும் வந்து, ஈரத்தை நிறைய முகந்துகொண்டு, திருச்செந்தூர்க் கரையில் ஏறியது. கடல்மேல் தடையின்றி வந்த காற்று தரையை அடைந்ததும் உராய்வினால் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று முன்னதை நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று மேலே எழுகிறது, எழுந்தால் குளிர்கிறது, குளிர்ந்தால் தன்னிடமுள்ள ஈரத்தை மழையாக விடுகிறது. கரையில் விடாமல் எஞ்சிய ஈரத்தைச் சுமந்து மேற்கே சென்ற காற்று பொதிகை மலைத்தொடரில் மோதி மீண்டும் எழுந்தது. மாஞ்சோலையிலும் மழை கொட்டியது.

அவ்வாண்டின் இயல்பையும் நினைவில் கொள்ள வேண்டும். 2023 எல் நினோ ஆண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் நீர் வழக்கத்தினும் வெப்பமுறும் நிலையை அப்பெயரால் அழைப்பர். அத்தகைய ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை சில வேளை பொய்த்தாலும், நம் வடகிழக்குப் பருவமழை வலுப்பதுண்டு. மேலும், அதுவரை அளந்தறியப்பட்ட ஆண்டுகளுள் உலகம் மிகுதியாக வெப்பமுற்றது 2023 இல்தான்; அடுத்து வந்த 2024 அதனையும் விஞ்சிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல் விதி. ஒரே ஒரு மழையைச் சுட்டிக்காட்டி இது வெப்பமிகுதியால் மட்டுமே வந்தது என்று சொல்லுதல் முறையாகாது. ஆனால் காற்று என்னும் பாத்திரம் பெரிதாகிவருகிறது என்பதும், பெரிய பாத்திரம் கவிழ்ந்தால் பெருநீர் கொட்டும் என்பதும் சிறுவர்க்கும் விளங்கும்.

மழை பெய்வதற்கு முந்திய மாலை என் பழைய மாணவர் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டேன். ஆற்றோரம் வாழை வைத்திருப்பவர். கனமழை அறிவிப்பைக் கேட்டீரா என்று வினவினேன். “கேட்டேன், சார். ஆனா புயல் ஒண்ணும் இல்லையே!” என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. புயலுக்கு அஞ்சவே நாம் பழகியிருக்கிறோம். வாழைக்குக் காற்றுதான் பகை. காற்றில்லை என்றால் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கனமழை பெய்யும் என்ற அறிவிப்பு இருந்தது; புயல் என்ற சொல் அதில் இல்லை. அச்சொல் இல்லாமையால் பலர் மாட்டைக் கொட்டிலிலேயே கட்டினர். நெல்மூட்டையைத் தரையிலேயே அடுக்கினர். அவருடைய வாழைத்தோட்டம் ஒரு வாரம் நீரில் நின்று அழுகிற்று.

இனி, அந்த நீர் எங்கே போகும் என்னும் கேள்விக்கு வருவோம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. இறுதியில் உள்ளது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் வழியே நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. சங்கிலிபோற் கோக்கப்பட்ட இந்த அமைப்பில் கடைசிக் கண்ணியே மிகுந்த சுமையைத் தாங்குகிறது.

1992 நவம்பரில் மாஞ்சோலை மலைப்பகுதியில் பெருமழை பெய்து தாமிரபரணியில் கடும் வெள்ளம் வந்தது. அன்று நீர் மலையில் பெய்தது. ஆற்றின் வழியே இறங்கிற்று. 2023 இல் மலையிலும் பெய்தது, நடுநிலத்திலும் பெய்தது, கடற்கரையிலும் பெய்தது. ஆறு தன் வெள்ளத்தைக் கொண்டுவந்தபோது, அதனை ஏற்க வேண்டிய குளங்கள் தங்கள்மேல் பெய்த மழையாலேயே நிறைந்திருந்தன. மேற்கே கரிசல் நிலத்து ஓடைகளும் தம் பங்கைக் கொண்டுவந்தன. கரைகள் பல இடங்களில் உடைந்தன. கடைக்கோடியிலுள்ள கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் நீர் புகுந்தது. நெல்லும் வாழையும் உளுந்தும் மிளகாயும் அழிந்தன. உப்பளங்களில் சேர்த்து வைத்த உப்பு கரைந்தது. உயிரிழந்தோரும் பலர்.

அந்நாள்களின் இருளிலே ஓர் ஒளியும் உண்டு. டிசம்பர் 17 ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கற்களை வெள்ளம் அரித்துவிட்டதால், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். சாலையும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. நிலையத்தை அடுத்த புதுக்குடி ஊரார், தங்கள் வீடுகளும் நீரால் சூழப்பட்டிருந்த அந்நிலையில், கையிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டு சமைத்து அப்பயணிகளுக்கு உணவளித்தனர். முன்பின் அறியாதவர்க்கு அவ்வூர் மக்கள் அளித்த அந்த உணவைவிடச் சிறந்த விருந்தோம்பற் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

அப்பனிக்காலம் அதனோடும் முடியவில்லை. 2024 ஜனவரி தொடக்கத்தில் காவிரிப் படுகையின் கடலோரத்தில் மீண்டும் கனமழை பெய்தது. பொங்கலை ஒட்டியே பருவமழை விடைபெற்றது. உப்பளங்களில் சேறு அகற்றிப் பாத்தி கட்ட நாளாயிற்று. அவ்வாண்டின் இளவேனில் எங்கள் பக்கத்துக்குத் தயங்கித் தயங்கியே வந்தது. வேம்பு மட்டும் தன் நாளை மறவாமல் பூத்தது. 2024 டிசம்பர் நடுவிலும் தாமிரபரணியில் மீண்டும் வெள்ளம் வந்தது. அம்முறையும் அதனைக் கொணர்ந்த மழைக்குப் பெயர் இல்லை.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? சராசரி என்பது பல ஆண்டுகளின் மழையைக் கூட்டி வகுத்துப் பெற்ற எண். இவ்வாண்டு இவ்வளவுதான் பெய்வேன் என்று வானம் எழுதிக்கொடுத்த உறுதிச்சீட்டு அன்று. அதுபோலவே, புயலின் பெயர் காற்றை அறிந்துகொள்ள உதவும் குறியீடு. பெயரில்லாத மழை தீங்கற்றது என்பதற்கு அது சான்றாகாது. ஆகவே அறிவிப்பைக் கேட்கும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். எவ்வளவு மழை? எத்தனை மணி நேரம்? நம் ஊரில் விழும் நீருக்குப் போக வழி எது? முதல் இரண்டுக்கும் வானிலைத் துறை இயன்ற அளவில் விடை சொல்லும். மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

அந்த விடையைத் தேட இளவேனிலே தக்க காலம். குளம் வற்றியிருக்கும்போதுதான் கரையில் எங்கே ஓட்டை, மடையில் எங்கே விரிசல், மறுகாலில் எங்கே மண்மேடு என்பவை தெரியும். ஊர்ப் பெரியவர்கள் இளைஞர்களை உடன் அழைத்துக்கொண்டு, மறுகாலில் தொடங்கி அடுத்த குளம் வரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். அந்த வழியில் எவையெவை முளைத்திருக்கின்றன, சீமைக்கருவேலா, குப்பையா, கட்டடமா என்று கண்ணாரக் காணட்டும். ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். காயல் என்பது கடலை ஒட்டிய உப்பங்கழி. சாத்தான்குளத்தின் பெயரில் குளம் இருக்கிறது. ஆறுமுகநேரியின் பெயரில் ஏரி இருக்கிறது. நீர் இருந்த இடத்தை நிலத்தில் நாம் மறைத்துவிட்டாலும் பெயர்கள் அதனைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன.

பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு பள்ளியிலும் மழையை அளக்கக் கற்பியுங்கள். பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் ஒரு கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அடிக்கோலும் போதும். மரநிழலும் கூரையும் படாத வெளியில் அதனை வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு நீரின் உயரத்தை மாணவர் அளந்து ஏட்டில் குறிக்கட்டும். ஆண்டு முழுதும் அளந்த சிறுவனுக்கு 5 சென்டிமீட்டர் மழை என்றால் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது தெரியும். 20 சென்டிமீட்டர் என்று அறிவித்தால் உடனே வீட்டாரை எச்சரிப்பான். இரண்டு, 2023 இல் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பள்ளிச் சுவரில் ஒரு கோடிட்டு, நாளையும் எழுதி வையுங்கள். மனிதர் நினைவு சில ஆண்டுகளில் மங்கிவிடும். சுண்ணாம்புச் சுவரில் எழுதிய கோடு, புதிதாக வந்து மனை வாங்குவோருக்கும் அண்மையில் பிறந்த குழந்தைக்கும் உண்மையைச் சொல்லும்.

இன்று வெயில் நன்றாகக் காய்கிறது. குளத்தின் அடிமண் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு மாதங்கள் உள்ளன. கரையை வலுப்படுத்தவும், மறுகாலைத் திறந்துவிடவும், குழந்தைகளுக்கு அளக்கக் கற்பிக்கவும் அந்த ஆறு மாதங்கள் போதும், இன்றே தொடங்கினால்.